வழிமறுப்பு

முகூர்த்த நாளன்று பவானி சாலையில் எறும்புகூடத் தன் இஷ்டத்துக்கு ஊர முடியாது. அன்றும் வைகாசி முகூர்த்தம். ஊரில் இருந்த, ஓட்டுபவர் இல்லாமல் தானே ஓடும் தானூர்தி அத்தனையும் நெற்றியில் பூச்சரத்தைக் கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்திருந்தது. அந்த நெரிசலில் வாணியின் உயிரூர்தி மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. முன்னால் இருந்த வண்டிகள் யாரும் சொல்லாமலே இடமும் வலமுமாக ஒதுங்கின. உள்ளே இருந்தவர்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. எதற்குத் தூக்க வேண்டும்? ஒதுங்குவது வண்டியின் வேலை, உட்கார்ந்திருப்பது அவர்களுடைய வேலை.

இதற்குப் பெயர் வழியலை. உயிரூர்தியின் உச்சியில் இருக்கும் சின்னப் பெட்டி அதை வீசும். மனிதர் காதுக்குக் கேட்காது. நாலு தெரு தள்ளி நிற்கும் தானூர்திக்குக் கேட்கும், கேட்ட மாத்திரத்தில் ஓரங்கட்டிவிடும். சங்கு ஊதிக்கொண்டு ஆம்புலன்ஸ் ஓடிய காலமெல்லாம் மலையேறிப் போயிற்று.

"அக்கா, மானிட்டர் எல்லாம் எடுத்து வெச்சுட்டேன். நீங்க பதறாதீங்க" என்றான் அந்தோணி. வாணியோடு அந்த வண்டியில் வேலை செய்யும் உதவியாளன். நோயாளியின் வீட்டுக்குப் போகிற வழியில் வாணி பதறி அவன் பார்த்ததே இல்லை.

"போறதுக்கு வழி இருக்குது அந்தோணி. வர்றதுக்கு இருக்காது" என்றாள் வாணி.

அந்தோணிக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்கிற நிலையில் அவளும் இல்லை. சற்று முன்புதான் தம்பி மனைவி நிவேதா நேராக அவளையே அழைத்து அழுதிருந்தாள். தம்பி மாதேசுக்கு நெஞ்சு வலி. இடது கை மரத்துவிட்டது. சட்டை நனைகிற அளவுக்கு வேர்வை. மாரடைப்பு என்று சொல்ல இதற்குமேல் ஜோசியமா பார்க்க வேண்டும்? அடைத்த குழாயைக் கம்பி விட்டுத் திறக்கிற வசதி பெருந்துறை ரோட்டு ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. சீக்கிரம் கொண்டுபோனால் ஆள் பிழைப்பான். தாமதமானால் மாட்டான். வாணி இருபது வருஷமாகப் பார்த்த கணக்கு இது; தன் வீட்டுக்கு வரும் என்றுதான் நினைக்கவில்லை.

அந்தோணிக்கு விளங்காததை நாம் இங்கே சொல்லிவிடுவோம்.

வழியலை வந்த புதிதில் ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிட்ட கையோடு அதைக் களவாடவும் தொடங்கினார்கள். நம் ஆட்களைப் பற்றிச் சொல்லியா தெரிய வேண்டும்! பெட்டியைப் பிரித்துப் பார்த்து, அதைப் போலவே தீப்பெட்டி அளவில் ஒன்றைச் செய்து, கள்ளலை என்று பெயரும் வைத்துச் சந்தையில் விட்டுவிட்டார்கள். விமானத்தைப் பிடிக்க ஒருவர், புதுப்படத்துக்கு முதல் காட்சி பார்க்க ஒருவர், சும்மா பொண்டாட்டியிடம் பெருமை காட்ட ஒருவர். உயிர் காக்கப் போகிறவர் வேஷத்தை ஊரே போட்டுக்கொண்டது.

அப்போது ஒருநாள் மின்சாரம் தாக்கிய தறிக்காரர் ஒருவரை ஏற்றிக்கொண்டு வாணி வந்துகொண்டிருந்தாள். நாற்சந்தி ஒன்றில் இரண்டு கள்ளலைகள் எதிரெதிரே வந்தன. எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் வண்டிகள் அத்தனையும் இருந்த இடத்திலேயே உறைந்துவிட்டன. தறிக்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடியே இறந்து போனார். கள்ளலை வைத்திருந்தவர்களில் ஒருவர் ஜவுளி முதலாளி. அபராதத்தைக் கட்டிவிட்டு, அடுத்த வாரமே வேறொரு தீப்பெட்டி வாங்கினார்.

விசாரணைக் குழு வந்தது. என்ன தண்டனை கொடுக்கலாம் என்று எல்லோரையும் கேட்டது. வாணி எழுந்து நின்றாள். "ஜெயிலும் வேண்டாம், அபராதமும் வேண்டாமுங்க. காசு இருக்கறவன் கட்டிப்போட்டுப் போயிருவான். வழியத் திருடுனவன் ஒரு நாளைக்கு வழியில்லாமக் கெடந்து பாக்கட்டும். அப்பத் தெரியும்" என்றாள். அரங்கமே கைதட்டியது. குழு அந்த வாக்கியத்தை நல்ல தமிழாக்கிச் சட்டத்தின் முகப்பிலேயே பொறித்துவிட்டது. ஒரு நாளைக்கு என்று அவள் சொன்னது பேச்சுவாக்கில். சட்டம் அதைப் பத்து வருஷம் என்று எழுதிக்கொண்டது.

அதுதான் வழிமறுப்பு. வழியலையைக் களவாடியவருக்குப் பத்து வருஷத்துக்கு வழியலை கிடையாது. உயிரூர்தியில் படுக்கைக்கு மேலே நாடிக்கண் என்று ஒரு கண் இருக்கும். படுத்திருப்பவர் முகத்தையும் நாடியையும் பார்த்து ஆள் யாரென்று அது கண்டுகொள்ளும். வழி மறுக்கப்பட்டவர் என்றால் உச்சிப் பெட்டி அணைந்துவிடும். வண்டி மறுக்கப்படாது, மருந்து மறுக்கப்படாது, வைத்தியம் மறுக்கப்படாது. வழி மட்டும்தான் மறுக்கப்படும். மனிதாபிமானம் உள்ள சட்டம் என்று பத்திரிகைகள் எழுதின.

திருடர்களும் லேசுப்பட்டவர்களா? கள்ளலை குறைந்ததும் வேறு வழி கண்டுபிடித்தார்கள். உயிரூர்தி மீட்பாளர் சட்டை போட்ட ஆட்களை முன்னால் ஓடவிட்டு, கையைக் காட்டி வழி விலக்கினார்கள். காசு கொடுத்தும் வழி வாங்கினார்கள். உடனே சட்டத்தில் இன்னொரு பிரிவு முளைத்தது. அலையில்லாமல் வழி விலக்குபவரும் போலிதான், அவர் சொல் கேட்டு வண்டியை ஒதுக்குபவரும் உடந்தைதான், இருவருக்கும் தண்டனை ஒன்றுதான். இந்தப் பிரிவைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வாணியைத்தான் அனுப்பினார்கள். அவளும் சந்தோஷமாகப் போனாள்.

மாதேசு இதில் எப்படி மாட்டினான் என்றால், அது அவன் கல்யாணத்தன்று. அவர்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் கூடை ஏந்தி வந்து நிற்க வேண்டும். அவள் இல்லாமல் சீர் இல்லை, சீர் இல்லாமல் தாலி இல்லை. அன்றைக்குப் பார்த்து வாணிக்கு வேலை முடியத் தாமதமானது. விபத்தில் சிக்கிய ஒருவரைச் சேர்த்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்தாள். பெரியப்பா மகளை நிறுத்திக்கொள்ளலாம் என்று சொந்தக்காரர்கள், ஒறம்பரைக்காரர்கள் எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். மாதேசு கேட்கவில்லை. "எங்கக்கா வராம எனக்குச் சீரும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம்" என்று மாப்பிள்ளைக் கோலத்திலேயே வண்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டான். அலுப்பில் வாணி ஏறிய உடனே தூங்கிப் போனாள். கண் விழித்தபோது மண்டபம் வந்திருந்தது. முகூர்த்தம் தப்பவில்லை.

தாலி கட்டி முடித்து, பந்தியில் பாயசம் பரிமாறும்போது மாதேசுக்கு அறிவிப்பு வந்தது. வழியில் கள்ளலை போட்டிருக்கிறான்.

நிவேதாவின் அப்பா வாணியிடம் கெஞ்சினார். சட்டத்தையே பேசி வாங்கினவள், ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் குழு கேட்காதா? வாணி எழுதவில்லை. "சட்டம்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்க" என்றாள். அதையும் பத்திரிகைகள் மெச்சின. மாதேசு மட்டும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. "பத்து வருசம் நோவு நொடி வராமப் பாத்துக்கறேன். விடுக்கா" என்று சிரித்தான். காலையில் ஓட ஆரம்பித்தான், உப்பைக் குறைத்தான், மாசாமாசம் ரத்தம் சோதித்தான். எட்டு வருஷம் ஒரு காய்ச்சல்கூட வரவில்லை.

இப்போது வந்திருப்பது காய்ச்சல் இல்லை.

மாதேசைத் தூக்கி வந்து படுக்கவைத்தபோது அவன் உதடு வெளுத்திருந்தது. நிவேதா கூடவே ஏறிக்கொண்டாள். அவர்கள் பக்கத்து வழக்கப்படி நாத்தனாரை நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். "நங்கையா, ஒண்ணும் ஆகாதுங்களா?"

"ஒண்ணும் ஆகாது கண்ணு" என்றாள் வாணி. சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லியது.

நாடிக்கண் ஒருமுறை மினுங்கியது. உச்சிப் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. வழிமையத்தின் குரல் மெத்த மரியாதையாகப் பேசியது. "வணக்கம். இப்பயணத்திற்கு வழியலை வழங்கப்படவில்லை. தங்கள் பயணம் பாதுகாப்பாக அமைய வாழ்த்துகள்."

வண்டி புறப்பட்டது. மற்ற வண்டிகளைப் போலவே வரிசையில் போய் நின்றது.

வாணி வழிமையத்தை அழைத்தாள். தன் பெயரைச் சொன்னாள், பதவியைச் சொன்னாள், நோயாளியின் நிலைமையைச் சொன்னாள். குரல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. "மேல்முறையீடு பதிவு செய்யப்பட்டது. மூன்று வேலை நாட்களில் பதில் வரும்" என்றது.

"உள்ள மனுசங்க யாராச்சும் இருந்தாக் குடுங்க. தயவு பண்ணி ஒரு மனுசங்ககிட்டக் குடுங்க" என்றாள். இருந்தவர்களை எல்லாம் எப்போதோ அனுப்பிவிட்டார்கள். பரிதாபப்பட்டு வழிவிடுகிற மனிதர் மையத்தில் இருக்கக்கூடாது என்று குழுவில் வாதாடியதும் அவள்தான்.

நாடிக்கண்ணைத் துணியால் மூடிப் பார்த்தாள். நோயாளி இல்லை, திரும்புகிற வெறும் வண்டி, அலை தேவையில்லை என்று மையம் சொல்லிவிட்டது. "என்னப் படுக்க வெச்சுப் பாருங்கக்கா" என்று அந்தோணி மாதேசின் பக்கத்தில் தலையை நீட்டினான். கண் அவன் நாடியைப் பார்த்து, நல்ல ஆரோக்கியம், வாழ்த்துகள் என்றது. ஆத்திரத்தில் வாணி அதை ஓங்கி ஒரு அடி அடித்தாள். கைதான் வலித்தது.

மாதேசு கண்ணைத் திறந்தான். "வண்டி நிக்குதாக்கா?"

"போகுது சாமி. போய்க்கிட்டுத்தான் இருக்குது."

"பொய் சொல்லாத" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "ரெண்டு வருசந்தான் பாக்கி. அதுக்குள்ள வந்துபோட்டுது பாரு."

வாணி தம்பியின் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஆனால் இது அவளைச் சுடவில்லை. முகூர்த்தத்துக்கு அக்கா வேண்டும் என்று அடம் பிடித்தவனை அல்லவா சுடுகிறது! எந்த ஜவுளி முதலாளியை நினைத்து அவள் அந்த வார்த்தையைச் சொன்னாளோ, அவர் வழிமறுப்பு விழுந்த கையோடு வெளிநாட்டுக்குப் போய்ச் சௌக்கியமாக இருக்கிறார்.

முன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வண்டி, வண்டி, வண்டி. ஒன்று ஓரடி நகர்ந்தால் அடுத்தது ஓரடி நகர்ந்தது. வீரப்பன்சத்திரமே இன்னும் வரவில்லை. இந்தக் கணக்கில் போனால் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாது, சவக்கிடங்குக்குத்தான் கொண்டுபோகலாம்.

"அந்தோணி, நீ பாத்துக்க. எறங்கறேன்."

"அக்கா, அலையில்லாம வழி விலக்குனா..."

"எனக்குச் சொல்லிக் குடுக்காத. அந்தப் பாடம் எடுத்ததே நான்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

முதல் வண்டியின் கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே பட்டு வேட்டிக்காரர் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கினார். "கொஞ்சம் ஓரங்கட்டுங்க. ஆஸ்பத்திரி கேஸு."

"அப்டிங்களா? அலை ஏதும் வரலீங்களே" என்றார் அவர் பணிவாக. "வந்துருந்தா வண்டி தானாப் போயிருக்குமே. பாருங்க, அது சும்மாதான் நிக்குது." குற்றம் சொல்ல முடியாது, அவர் பொய் சொல்லவில்லை. கண்ணாடி ஏறிக்கொண்டது.

இரண்டாவது வண்டியில் கதவையே திறக்கவில்லை. மூன்றாவதில் ஒரு இளவட்டக் கூட்டம். அதில் ஒருவன் அவளை அடையாளம் கண்டுகொண்டான். "மேடம், நீங்க எங்க ஸ்கூலுக்கு வந்திருக்கீங்க. அலை இல்லாம எவன் வந்து கெஞ்சுனாலும் வழி விடாதீங்க, அவன் போலின்னு சொன்னீங்களே. கரெக்டாச் சொல்றனா, இல்லீங்களா?" சோதிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பெருமையாகக் கேட்டான்.

"கரெக்ட்தான் கண்ணு" என்றாள் வாணி. "இப்ப உள்ள கெடக்கறது என் தம்பி."

பையன் நண்பர்களைப் பார்த்தான். நண்பர்கள் கீழே பார்த்தார்கள்.

நடுச்சாலையில் நின்று இரண்டு கையையும் வீசினாள். கத்தினாள். பூச்சரம் கட்டிய வண்டிகளின் வரிசை அவளைச் சுற்றி அமைதியாக நின்றது. ஒரு காலத்தில் சங்குச் சத்தம் கேட்டால் டீக்கடையில் நிற்பவன்கூட ஓடிவந்து போக்குவரத்தை விலக்குவான், மாட்டுவண்டிக்காரன் மாட்டைப் பள்ளத்தில் இறக்குவான். அதை அவளே கண்ணால் பார்த்திருக்கிறாள். அலை வந்த பிறகு வழிவிடுகிற வேலை மனிதர்களுக்கு இல்லாமல் போயிற்று. வேலை இல்லாமல் போனதும் அந்தப் புத்தியும் மெல்லப் போய்விட்டது.

அவளுக்குத் தொண்டை கட்டிய நேரத்தில் சற்றுத் தள்ளி ஒரு வண்டியின் கதவு திறந்தது. அரக்குப் பட்டுக் கட்டிய ஒரு பெண், வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு இறங்கி வந்தாள். எட்டு மாதத்துக்கு மேல் இருக்கும் என்று பார்த்த உடனே வாணிக்குத் தெரிந்தது.

"ஏனுங், உள்ள யாருங்க?"

இவ்வளவு நேரத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். "என் தம்பி. மாரடைப்பு. அவனுக்கு வழிமறுப்பு."

"என்ன பண்ணோணும், சொல்லுங்க."

"வண்டியக் கையாலதான் ஒதுக்கோணும். யாருக்கும் தெரியாதே அம்மிணி."

"எனக்குத் தெரியுமுங்க. எங்கப்பா லாரி ஓட்டுனவரு. தானூர்திலயும் சீட்டுக்கடியில ஒரு கைப்பிடி இருக்கும், ஷெட்ல ஏத்தி எறக்கறதுக்கு. அதை இழுத்து ஓட்டறதுக்குச் சின்ன வயசுலயே சொல்லிக் குடுத்தாரு." சொல்லிக்கொண்டே தன் வண்டிக்குத் திரும்பினாள்.

வாணியின் வாய் திறந்தது. வேண்டாம் கண்ணு, நீ உடந்தை ஆயிருவ, உன் பேரு ஏறிரும், நீ இருக்கற நெலமைக்கு நாளைக்கு உனக்கே வழி வேணும் என்று சொல்ல வேண்டும். அந்தப் பிரிவை ஊரெல்லாம் போய் ஓதியவள் அவள்தானே? முதுகுக்குப் பின்னால் வண்டியில் மாதேசு கிடந்தான். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அந்தப் பெண்ணின் பெயர் சௌந்தர்யா. தன் வண்டியைத் தள்ளாடித் தள்ளாடி ஓரத்துக்குக் கொண்டுபோய், ஒரு சக்கரத்தைச் சாக்கடைப் பலகைமேல் ஏற்றி நிறுத்தினாள். அடுத்த வண்டிக் கதவைத் தட்டினாள். வயிற்றுப் பிள்ளைக்காரி வந்து தட்டினால் யாரால் திறக்காமல் இருக்க முடியும்? "சீட்டுக்கடியில பாருங்ணா. செவப்புப் பிடி. மெதுவா இழுங்க, மெதுவா." அந்த ஆள் இழுத்தார். வண்டி துள்ளியது. பிறகு ஒதுங்கியது. அவர் முகத்தில் குழந்தைக்கு வருகிற மாதிரி ஒரு சிரிப்பு வந்தது. இறங்கி அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார்.

மூன்றாவது வண்டிப் பையனும் இறங்கி ஓடிவந்தான். பட்டு வேட்டிக்காரர் கைப்பிடியைக் காணாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளவே தொடங்கிவிட்டார். நகைப் பெட்டியோடு ஒரு அம்மாள், தவில்காரர் ஒருவர், சமையல் பாத்திரம் ஏற்றி வந்த நாலு பேர். ஒருவர் விரலை வண்டிகளுக்கு நடுவே கொடுத்து நசுக்கிக்கொண்டார். மாலை பிய்ந்தது, பட்டு கிழிந்தது, யாரும் பொருட்படுத்தவில்லை. வாணி முன்னால் ஓடினாள், பின்னால் உயிரூர்தி வந்தது. வீரப்பன்சத்திரத்துக்கு அப்பால் கூட்டம் வாய்மொழியாகவே முந்திக்கொண்டு போய்விட்டது. அவர்கள் போய்ச் சேருவதற்குள் அங்கே வழி திறந்து கிடந்தது.

ஆஸ்பத்திரியில் மாதேசை உள்ளே கொண்டுபோனார்கள். வாணியும் நிவேதாவும் வெளியே நின்றார்கள். நிவேதா வாணியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கடைசியில் டாக்டர் வந்தார்.

"கொஞ்சம் லேட்டாத்தான் வந்தீங்க. ஆனாப் பொழச்சுக்குவாருங்க" என்றார்.

நிவேதா தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். வாணியும் அழுதாள். இருபது வருஷத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. அழுது முடித்து முகத்தைத் துடைத்தபோது பையில் மடிப்பேசி அதிர்ந்தது. எதிர்பார்த்ததுதான். அலையின்றி வழி விலக்கிய குற்றம், பத்து வருஷ வழிமறுப்பு. இனி அவள் நோயாளியாக ஏறுகிற எந்த வண்டிக்கும் அலை வராது; வழி மறுக்கப்பட்டவர் வண்டியில் வேலை பார்க்கவும் கூடாது. உயிரூர்தி வேலை அன்றோடு தீர்ந்தது. தொலையட்டும் என்று நினைத்தாள். தம்பி பிழைத்தானே, அது போதும்.

அந்தோணி பதறிக்கொண்டு வந்தான். "அக்கா, எனக்கும் வந்துருச்சு. வண்டிக்குள்ள இருந்தது குத்தமாம்." அவனுக்குப் பின்னால், வாசலில், ஒரு கூட்டம் நின்றது. மாதேசு என்ன ஆனான் என்று தெரிந்துகொள்ளாமல் கல்யாணத்துக்குப் போக மனம் வராமல் அப்படியே இங்கே வந்துவிட்டவர்கள். பட்டு வேட்டிக்காரர், தவில்காரர், அந்தப் பையன். ஒவ்வொருவர் பையிலும் மடிப்பேசி அதிர்ந்தது. ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தார்கள். சாலையோரத்துக் கண்கள் யாரையும் விடவில்லை.

சௌந்தர்யா தண்ணீர் பாட்டிலோடு வாணியிடம் வந்தாள். "குடிங்க. பொழச்சுக்கிட்டாராமே! சாமிக்கு வேண்டிக்கிட்டே வந்தனுங்க" என்றாள். முகமெல்லாம் சந்தோஷம். அப்போதுதான் அவளுடையதும் அதிர்ந்தது.

அவள் அறிவிப்பை முகப்பிலிருந்தே வாய்விட்டுப் படித்தாள். "வழியைத் திருடியவன் ஒரு நாள் வழியின்றிக் கிடந்து பார்க்கட்டும்." நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "யாருங்க இப்படியெல்லாம் எழுதறது? இவங்க ஊட்டுல ஒருத்தருக்கும் ஒண்ணும் வராதுங்களா?"

வாணி பாட்டிலை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

சௌந்தர்யா மீதியையும் படித்தாள். படிக்கப் படிக்கக் கை வயிற்றுக்குப் போயிற்று. "எனக்கு மொதப் பிரசவத்துல புள்ள தங்கலீங்க. வலி எடுத்துக் கொண்டாந்து சேக்கறதுக்குள்ள போயிருச்சு. அதுக்குத்தான் இந்தத் தடவ வலி கண்டதும் ஒடனே வண்டிக்குச் சொல்லிரோணும், ஒரு நிமிசமும் தாமசிக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க" என்றாள். பிறகு, ஒரு குழந்தை கேட்கிற மாதிரி, "நீங்க வண்டியிலேயே இருக்கறவங்க. உங்களுக்குத் தெரியுமில்லீங்க, எனக்கு வழி கெடைக்குமுங்களா?" என்று கேட்டாள்.

எத்தனை பேரிடம் வாணி சொல்லியிருப்பாள், வந்துருவோம் கண்ணு, பயப்படாதே என்று! இப்போது அதைச் சொல்லாமல் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். வழியலை இல்லாமல் வழி திறக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இவ்வளவு பேர்தான். அவர்கள் எல்லோரும் மடிப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு, இனி ஜன்மத்துக்கும் ஒருவருக்கும் ஒதுங்குவதில்லை என்கிற முகத்தோடு நின்றார்கள்.

"ஊடு எங்க அம்மிணி?"

"சித்தோடுங்க."

சித்தோட்டிலிருந்து வருவதும் அதே பவானி சாலைதான். "தேதி எப்பக் குடுத்திருக்காங்க?" என்று கேட்டாள் வாணி.

"ஆனி மாசம், கடைசி மொகூர்த்தத்தன்னிக்குங்க" என்றாள் சௌந்தர்யா. "நல்ல நாளுன்னு எங்கூட்ல எல்லாத்துக்கும் ஒரே சந்தோசம்."